செங்கண்மாரியும் பித்தத் தேக்கமும்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து அரச வைத்தியசாலை வாட்டுகளில் 20 வருடங்களுக்கு மேல் தாதியாக வேலை செய்து ஓய்வுபெற்றவள் நான். வேலை ஓய்ந்தது, கேள்விகள் ஓயவில்லை. கோயில் வீதியில், கலியாண வீட்டில், சில நாள் இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில், "மிஸ்ஸி, இவருக்குக் கண்ணெல்லாம் மஞ்சளா இரிக்கு, என்ன செய்ற?" என்று கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். வைத்தியர் சொல்ல வேண்டியதை நான் சொல்ல முடியாது. ஆனால் வைத்தியரிடம் எப்போது போக வேண்டும், போனால் எதைச் சொல்ல வேண்டும் என்பதைச் சொல்ல முடியும்.

பித்தத் தேக்கம் என்றால் என்ன? செங்கண்மாரியும் அதுவும் ஒன்றா?

ஒன்றில்லை. செங்கண்மாரி என்பது ஒரு அறிகுறி. கண்வெள்ளையும் தோலும் மஞ்சளாவதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் அது. அந்த மஞ்சளுக்குப் பல காரணங்கள் உண்டு, அவற்றில் ஒன்று பித்தத் தேக்கம். வைத்தியர்கள் அதைக் கொலஸ்டாசிஸ் என்பார்கள்.

ஈரல் ஒரு நாளைக்கு அரை லீற்றர் முதல் ஒரு லீற்றர் வரை பித்தநீர் சுரக்கிறது. அது ஈரலுக்குள் இருக்கும் மயிரிழை போன்ற நாளங்களில் தொடங்கி, பெரிய நாளத்தில் சேர்ந்து, சிறுகுடலில் போய் விழுகிறது. வழியில் பித்தப்பை 30 முதல் 50 மில்லிலீற்றரைத் தேக்கி வைத்துக்கொண்டு, நாம் சாப்பிடும்போது பிழிந்து விடுகிறது. கொழுப்பைக் கரைப்பது, ஏ, டி, ஈ, கே என்ற நான்கு விற்றமின்களை உடம்பு உறிஞ்ச உதவுவது, பிலிருபின் என்ற மஞ்சள் நிறக் கழிவை வெளியேற்றுவது எல்லாம் இந்த நீரின் வேலைதான்.

வெள்ளாமை செய்கிறவர்களுக்கு இதை விளக்குவது எனக்கு எப்போதும் சுலபமாக இருந்திருக்கிறது. வட்டைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் இரண்டு இடத்தில் பார்ப்பீர்கள். மடையே சரியாகத் திறக்கவில்லையா, அல்லது வழியில் வாய்க்கால் அடைபட்டுக் கிடக்கிறதா? பித்தத் தேக்கமும் இந்த இரண்டு வகைதான். ஈரலின் கலங்களோ உள்ளே இருக்கும் சிறு நாளங்களோ பழுதானால் ஒரு வகை. வெளியே உள்ள பெரிய நாளத்தைக் கல்லோ கட்டியோ அடைத்தால் மற்ற வகை. இரண்டிலும் குடலுக்குப் போக வேண்டியது இரத்தத்துக்குள் திரும்புகிறது. வைத்தியமோ இரண்டுக்கும் வேறு வேறு. அதனால்தான் "செங்கண்மாரிக்கு என்ன மருந்து?" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது.

வீட்டில் இருந்தபடியே எதைப் பார்த்துச் சந்தேகப்படலாம்?

மலத்தைப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வருவது முழுக்க இந்த ஒன்றுதான் என்றாலும் பரவாயில்லை.

கண்ணை எல்லோரும் பார்க்கிறார்கள். இமையை இழுத்துப் பார்க்கிறார்கள், உள்ளங்கையை விரித்துப் பார்க்கிறார்கள். மலத்தை யாரும் பார்ப்பதில்லை, பார்த்தாலும் வெட்கத்தில் சொல்வதில்லை. ஆனால் பித்தம் குடலுக்கு வருகிறதா இல்லையா என்பதை அதைப் போல நேராகச் சொல்வது வேறொன்றில்லை. மலத்தின் மண்ணிறம் பித்தத்திலிருந்து வருவது. குடலில் உள்ள பக்டீரியா பிலிருபினை மாற்றி அந்த நிறத்தை உண்டாக்குகிறது. பித்தம் வராவிட்டால் மலம் வெளுக்கும். வெளிறிய மஞ்சளாக, களிமண் போல, சில நேரம் அரிசிமா பிசைந்த மாதிரி இருக்கும். கொழுப்புச் செரிக்காததால் எண்ணெய்ப்பசையோடு மிதக்கும், தண்ணீர் ஊற்றினாலும் லேசில் போகாது, நாற்றமும் கடுமையாக இருக்கும்.

சிறுநீர் இதற்கு எதிர்ப்பக்கம் போகும். குடலுக்குப் போகாத பிலிருபின் சிறுநீரகம் வழியாக இறங்குவதால், சலம் பிளேன்டீ சாயத்தில் வரும். வெயிலில் நின்று தண்ணீர் குடிக்காமல் இருந்தாலும் சலம் கடுமையாகும்தான். இரண்டு மூன்று போத்தல் தண்ணீர் குடித்த பிறகும் அதே சாயமாக வந்தால் அது வேறு விஷயம்.

வெளுத்த மலம், கறுத்த சலம், தோலில் ஒன்றும் இல்லாமல் உடம்பெல்லாம் கடி (அரிப்பு). இந்த மூன்றும் சேர்ந்தால் கண் மஞ்சளாகும் வரை காத்திருக்க வேண்டாம். கண்ணில் மஞ்சள் தெரிவதற்கு இரத்தத்தில் பிலிருபின் சாதாரண அளவைப் போல இரண்டு மூன்று மடங்காவது ஏறியிருக்க வேண்டும். கடி அதற்குப் பல வாரம் முன்பே தொடங்கலாம்.

என் பெரியம்மாவுக்கு நடந்தது

இது கேள்வி இல்லை. ஆனால் நான் ஏன் மலத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன் என்பதற்கு இதுதான் காரணம்.

பெரியம்மா மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்தா. 60 வயது தாண்டியிருந்தது. கண் மஞ்சளானது, நோ இல்லை, காய்ச்சல் இல்லை. வேர் அரைத்துக் குடித்து, உப்பும் எண்ணெயும் இல்லாமல் பத்தியம் இருந்தா. இரண்டு மாதம் போனது. நான் அப்போது வேறு ஊரில் வேலை. தொலைபேசியில் "நோ ஒண்டும் இல்லப் பிள்ள" என்றதும் எனக்கும் மனம் ஆறிவிட்டது. வந்து பார்த்தபோது உடம்பெல்லாம் நகம் கீறிய தழும்பு. "வெளிக்குப் போறது எப்பிடி?" என்று கேட்டேன். "சுண்ணாம்பு மாதிரிப் போகுது" என்றா. அதை யாரும் அதுவரை கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஸ்கான் செய்தபோது சதையியின் (கணையத்தின்) தலைப்பகுதியில் கட்டி. முதல் வாரத்திலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பா என்று என்னால் சொல்ல முடியாது. சத்திரசிகிச்சை செய்ய முடியுமா என்று பார்ப்பதற்காவது ஒரு வாய்ப்பு இருந்திருக்கும்.

நோவே இல்லாத செங்கண்மாரி நல்லதுதானே?

அப்படி நினைப்பதுதான் ஆபத்து. வயது போனவர்களுக்கு நோ இல்லாமல் மெல்ல மெல்ல மஞ்சள் ஏறி, மலம் வெளுத்து, உடம்பும் மெலிந்தால், சதையியின் தலையிலோ பித்தநாளத்திலோ கட்டி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கல் அடைத்தால் பெரும்பாலும் நோ வரும். வலது விலாவின் கீழே அல்லது மேல்வயிற்றில் பிடித்து, முதுகுக்கும் வலது தோளுக்கும் ஏறும். கல் நகர்ந்தால் மஞ்சள் குறையும், திரும்ப அடைத்தால் ஏறும். கட்டியால் வரும் மஞ்சள் பெரும்பாலும் விடாமல் ஏறிக்கொண்டே போகும்.

எந்த நிலையில் விடியும் வரைகூடக் காத்திருக்கக் கூடாது?

மஞ்சளோடு நடுக்கிக் குளிர்ந்து காய்ச்சல் அடித்து, வலது மேல்வயிற்றில் நோவும் இருந்தால். தேங்கிய பித்தத்தில் கிருமி பெருகிவிட்டது என்பதற்கு அடையாளம் அது. அடைபட்ட நாளத்திலிருந்து கிருமி இரத்தத்துக்குள் நேராக ஏறும். இரத்த அழுத்தம் விழும், மனம் தடுமாறும். அன்டிபயோடிக் மட்டும் போதாது, அடைப்பை எடுத்துப் பித்தத்தை வெளியே விட வேண்டியிருக்கும். முரசிலிருந்து (பல் ஈறு) அல்லது மூக்கிலிருந்து இரத்தம் வந்தாலும், ஆள் பிதற்றினாலும், பகலில் தூங்கி இரவில் விழித்திருந்தாலும், சலம் குறைந்துபோனாலும் அதே அவசரம்தான். வாகனம் இல்லையென்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவைக்குக் காசு இல்லை.

வயலில் வேலை செய்கிறவர். காய்ச்சலும் கண் மஞ்சளும் ஒன்றாக வந்திருக்கு. இதுவும் பித்தத் தேக்கமா?

நம் மாவட்டங்களில் இந்தக் கேள்வியைத் தனியாகப் பார்க்க வேண்டும். பெரும்போக விதைப்பில், மழையில், முழங்கால் சேற்றில் நின்ற ஒருவருக்குக் காய்ச்சல், தலையிடி, கெண்டைக்காலில் தொட முடியாத நோ, கண் சிவப்பு, அதன் பிறகு மஞ்சள் என்று வந்தால் எலிக்காய்ச்சலை முதலில் நினைக்க வேண்டும். எலியின் சலம் கலந்த தண்ணீரில் இருக்கும் லெப்டோஸ்பைரா என்ற பக்டீரியா, காலில் உள்ள கீறல் வழியாக உள்ளே போகிறது. கடுமையான நிலையில் ஈரல் கலங்கள் பித்தத்தை வெளியே தள்ள முடியாமல் போகின்றன. பிலிருபின் மிக உயரமாக இருக்கும், ஈரல் கலங்கள் சேதமானதைக் காட்டும் ஏ.எஸ்.ரி, ஏ.எல்.ரி என்ற நொதியங்கள் இரத்தத்தில் அவ்வளவு ஏறியிருக்காது. இது மடைப்பக்கத்துப் பிழை, வாய்க்காலில் அடைப்பு ஒன்றும் இராது.

இங்கே உயிரை எடுப்பது பெரும்பாலும் மஞ்சள் இல்லை. சிறுநீரகமும் நுரையீரலும் பழுதாவதுதான். "செங்கண்மாரி வந்திருக்கு, வேர் குடிச்சாச் சரி" என்று இரண்டு நாள் வீட்டில் வைத்திருந்தால் அந்த இரண்டு நாளில் சலம் நின்றுவிடலாம். வைத்தியரிடம் போனதும் "நான் வயலுக்கு இறங்கினேன்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். இறங்குவதற்கு முன்பே உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் அல்லது பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) தடுப்புக் குளிசை பற்றிக் கேளுங்கள். டொக்சிசைக்ளின் 200 மில்லிகிராம், கிழமைக்கு ஒரு தடவை. கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அது கூடாது.

இது தொற்றுமா? தட்டு, கோப்பையைத் தனியாக வைக்க வேண்டுமா?

பித்தத் தேக்கம் தொற்றாது. கல்லும் கட்டியும் கர்ப்பகால அரிப்பும் யாருக்கும் ஒட்டாது. மஞ்சளுக்குக் காரணம் ஹெப்படைட்டிஸ் ஏ வைரஸ் என்றால் அது மலம் கலந்த தண்ணீர், உணவு வழியாகப் பரவும். வெள்ளத்துக்குப் பிறகு கிணறு கலங்கிய நாட்களில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்வது இதற்காகவும்தான். சிலருக்கு அந்த ஹெப்படைட்டிஸ் ஏயே பித்தத் தேக்கமாக நீண்டு, மூன்று மாதத்துக்கு மேல் மஞ்சளும் கடியுமாக இழுக்கும். பயப்பட வைக்கும், ஆனாலும் அநேகமாக முழுதாகச் சுகமாகிவிடும்.

கீழாநெல்லி குடிக்கலாமா?

கீழாநெல்லியைப் பழிக்க எனக்கு மனமில்லை. என் பெத்தா எங்கள் எல்லோருக்கும் பாலில் அரைத்துத் தந்தவ. அதற்குப் பெயர் வந்ததற்கும் காரணம் இருக்கிறது. நம் ஊரில் வரும் செங்கண்மாரியில் ஹெப்படைட்டிஸ் ஏ போன்றவை தாமாகவே சில வாரங்களில் மாறிவிடும். அந்த நாட்களில் எதைக் குடித்திருந்தாலும் அதுவே சுகப்படுத்தியதாகத் தெரியும். 1988ல் சென்னை ஆராய்ச்சியாளர்கள் கீழாநெல்லியால் ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் மறைகிறது என்று எழுதியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

எப்படியானாலும் நாளத்தில் இருக்கும் கல்லை எந்த மூலிகையும் வெளியே தள்ளாது. ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுதான். முதலில் இரத்தப் பரிசோதனையும் ஸ்கானும் செய்யுங்கள். அடைப்பு இல்லை என்று தெரிந்த பிறகு உங்கள் ஆயுர்வேத வைத்தியரிடம் போவதா இல்லையா என்பதை ஈரல் கிளினிக் வைத்தியருக்கும் சொல்லி முடிவெடுங்கள். மூலிகை என்பதற்காக எல்லாம் ஈரலுக்குப் பாதுகாப்பு என்று நினைக்கவும் கூடாது. கொரோனாக் காலத்தில் சீந்தில் கசாயம் குடித்த சிலருக்கு ஈரல் அழற்சி வந்ததை மும்பை வைத்தியர்கள் 2021ல் பதிவு செய்தார்கள். ஓதிய தண்ணீர் குடிப்பதிலோ நூல் கட்டுவதிலோ எனக்கு ஆட்சேபணை இல்லை. கட்டிக்கொண்டே வைத்தியசாலைக்கு வாருங்கள்.

பிள்ளை பிறந்து மூன்று கிழமை. இன்னும் மஞ்சள். காலை வெயிலில் காட்டினால் போதும் என்கிறார்கள்.

போதாது. தயவுசெய்து இதை மட்டும் நிதானமாக வாசியுங்கள்.

பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் முதல் வாரத்தில் மஞ்சளாவது வழமை. அநேகமாக இரண்டு வாரத்தில் மாறிவிடும். தாய்ப்பால் குடிக்கும் சில பிள்ளைகளுக்கு அதற்கு மேலும் நீளும், அதிலும் பயமில்லை. ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் ஒரு பிள்ளை ஒளிந்திருக்கலாம், பித்தநாளமே அடைபட்டுப்போன பிள்ளை. பிலியரி அட்ரீசியா என்பது அதன் பெயர். அபூர்வம்தான், பல நாடுகளில் 10,000 முதல் 15,000 பிறப்புக்கு ஒன்று என்ற அளவு. அந்தப் பிள்ளை பார்வைக்கு நோயாளியாகத் தெரியாது. பால் குடிக்கும், சிரிக்கும், நிறையும் கூடும். அதனால்தான் வீட்டில் எல்லோரும் ஏமாந்துவிடுகிறோம்.

வித்தியாசம் நாப்கினில் தெரியும். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையின் மலம் கடுகு மஞ்சளாக இருக்க வேண்டும். வெளிறினால், சாம்பல் வெள்ளையானால், அன்றே கொண்டு போக வேண்டும். பச்சைப்பிள்ளையின் சலம் நிறமில்லாமல் இருக்க வேண்டும். துணியில் மஞ்சள் கறை பிடித்தால் அதுவும் கணக்கு. 14 நாளுக்கு மேல் மஞ்சள் நிற்கும் எந்தப் பிள்ளைக்கும் (மாதம் முந்திப் பிறந்தால் 21 நாள்) இரத்தத்தில் நேரடிப் பிலிருபின் (ஈரல் பதப்படுத்தி முடித்தும் பித்தத்தோடு வெளியேறாத பங்கு) எவ்வளவு என்று பார்க்க வேண்டும். மொத்தப் பிலிருபின் மட்டும் பார்த்தால் இது தெரியாது. வெயில் இந்த வகை மஞ்சளை ஒன்றும் செய்யாது.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், ஜப்பானிய சத்திரசிகிச்சை நிபுணர் மோரியோ கசாய் 1950களில் தொடங்கிய சத்திரசிகிச்சை ஒன்று இருக்கிறது. குடலின் ஒரு பகுதியை ஈரலின் வாசலோடு நேராகப் பொருத்திப் பித்தத்துக்கு வழி செய்வது அது. பிள்ளைக்கு 60 நாள் ஆவதற்குள், முடிந்தால் அதற்கும் முந்திச் செய்தால் பலன் கூட. பிந்தப் பிந்த ஈரல் தழும்பேறி இறுகிவிடும், பிறகு ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சைதான் வழி. தாய்வான் 2004 முதல் நாடு முழுக்க மல நிற அட்டை ஒன்றைத் தாய்மார் கையில் கொடுத்து, இந்தப் பிள்ளைகளை முந்திக் கண்டுபிடிக்கிறது. ஒரு அட்டை, அவ்வளவுதான். மிட்வைஃப் வீட்டுக்கு வரும்போது நாப்கினைக் கழுவாமல் வைத்திருந்து காட்டுங்கள். கைத்தொலைபேசியில் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்தாலும் உதவும்.

ஏழு மாதக் கர்ப்பிணி. உள்ளங்கையும் உள்ளங்காலும் கடிக்குது. "பிள்ளைக்கு முடி முளைக்குது" என்கிறா மாமி.

மாமி அன்பில் சொல்கிறா. ஆனால் தோலில் தடிப்பு ஒன்றும் இல்லாமல், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும், இரவில் தூங்க விடாமல் கடித்தால் கர்ப்பகாலப் பித்தத் தேக்கமாக இருக்கலாம். கடைசி மூன்று மாதத்தில்தான் கூடுதலாக வரும். தெற்காசியப் பெண்களுக்குக் கொஞ்சம் கூட. இங்கிலாந்தில் மொத்தக் கர்ப்பிணிகளில் 100க்கு ஒருவருக்கும் குறைவாக வரும் இது, அங்கே வாழும் இந்திய, பாகிஸ்தானிய வழிப் பெண்களில் 1.2 முதல் 1.5 வீதம்.

தாய்க்கு இது தொல்லை, பிரசவம் ஆனதும் போய்விடும். கவலை வயிற்றில் இருக்கும் பிள்ளையைப் பற்றியது. இரத்தத்தில் பித்த அமிலம் லீற்றருக்கு 100 மைக்ரோமோல் தாண்டினால் பிள்ளை வயிற்றிலேயே இறக்கும் ஆபத்துத் தெளிவாகக் கூடுகிறது. அப்படியான தாய்மாருக்கு 35, 36 வாரத்தில் பிரசவிக்க வைப்பதைப் பற்றி வைத்தியர்கள் யோசிப்பார்கள். அளவு குறைவாக இருந்தால் மாதம் நிறையும் வரை பொறுக்கலாம். இந்தப் பரிசோதனையை எல்லா லாப்பிலும் செய்வதில்லை, எங்கே அனுப்புவது என்று கிளினிக்கில் கேளுங்கள். உர்சோ என்ற குளிசை சிலருக்குக் கடியைக் கொஞ்சம் குறைக்கும். பிள்ளையை அது காப்பாற்றும் என்று உறுதியாக நம்ப முடியாது. 2019ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில் அந்தப் பலன் தெரியவில்லை. குளிசை குடித்தாலும் கிளினிக் நாளைத் தவற விடாதீர்கள், பிள்ளையின் துடிப்பு குறைந்தால் நேரம் பார்க்காமல் போங்கள்.

அடுத்த கர்ப்பத்தில் திரும்ப வரக்கூடும். குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை எடுக்கும் முன் இதை மிட்வைஃபிடம் சொல்லுங்கள், ஈஸ்ட்ரஜன் உள்ள குளிசை சிலருக்கு இதே கடியைக் கொண்டு வரும்.

ரிப்போர்ட்டில் ஏ.எல்.பி கூட என்று இருக்கு. அது என்ன?

பித்தநாளங்களின் சுவரில் இருக்கும் ஒரு நொதியம். பித்தம் தேங்கினால் அது கூடும். எலும்பிலிருந்தும் கர்ப்பிணியின் நச்சுக்கொடியிலிருந்தும் ஏ.எல்.பி வரும், வளரும் பிள்ளைகளுக்கு இயல்பாகவே கூட இருக்கும். ஆகவே ஜி.ஜி.ரி என்ற இன்னொன்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். ஏ.எல்.பி, ஜி.ஜி.ரி, நேரடிப் பிலிருபின் மூன்றும் ஏறியிருந்தால் தேக்கம். ஏ.எஸ்.ரி, ஏ.எல்.ரி ஆயிரக்கணக்கில் ஏறியிருந்தால் ஈரல் கலங்களில் அழற்சி.

அப்புறம் ஸ்கான். வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கானில் நாளம் விரிந்திருந்தால் கீழே எங்கோ அடைப்பு என்று அர்த்தம். விரியாவிட்டால் பிழை அநேகமாக ஈரலுக்குள். நாளத்தின் அடியில் இருக்கும் சிறு கல் இந்த ஸ்கானில் தப்பிவிடும், "ஸ்கான் நோர்மல்" என்றதும் கதை முடிந்ததாக நினைக்க வேண்டாம். எம்.ஆர்.சி.பி என்ற காந்த ஸ்கான் அந்தக் குழாய்களைத் தெளிவாகக் காட்டும்.

வாயால் குழாய் விட்டுக் கல் எடுக்கப் போகிறார்களாம். பயமாக இருக்கு.

ஈ.ஆர்.சி.பி என்பதைச் சொல்கிறீர்கள். வயிற்றைக் கீறுவதில்லை. மயக்க மருந்து தந்து, கமெரா உள்ள குழாயைச் சிறுகுடல் வரை விட்டு, பித்தநாளம் திறக்கும் வாயைச் சிறிது வெட்டி, கல்லை வலையாலோ பலூனாலோ இழுத்து எடுப்பார்கள். எடுக்க முடியாவிட்டால் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்துப் பித்தம் போக வழி செய்வார்கள். பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்தால் ஏறத்தாழ மூன்று மாதத்தில் எடுக்கவோ மாற்றவோ வேண்டும். அந்தத் திகதியைக் கலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். மறந்துபோய் ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து நடுக்கக் காய்ச்சலோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். செய்த பிறகு சிலருக்குச் சதையி அழற்சி வரும். வயிற்று நோ கூடினால் வாட்டில் சொல்லுங்கள். அஸ்பிரினோ இரத்தம் உறையாமல் இருக்கும் குளிசையோ எடுத்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தேக்கத்தால் விற்றமின் கே குறைந்து, இரத்தம் உறைய நேரம் எடுக்கும். அதற்கு ஊசி போட்டுச் சரிசெய்த பிறகே குழாய் விடுவார்கள்.

மருந்தே இதைக் கொண்டு வருமா?

வரும். மிக வழமையானது கோ-அமொக்சிக்லவ் என்ற அன்டிபயோடிக். குடித்து முடித்துச் சில வாரம் கழித்துக்கூட மஞ்சளும் கடியும் வரலாம், வயது போன ஆண்களுக்குக் கூடுதலாக. ஜிம்முக்குப் போகும் பெடியன்மார் உடம்பு ஏற்ற எடுக்கும் அனபோலிக் ஸ்டீரொயிட் ஊசியும் குளிசையும் கடுமையான தேக்கத்தைக் கொண்டுவரும். கடந்த மூன்று மாதத்தில் எடுத்த எல்லாவற்றையும், ஃபார்மசியில் சும்மா வாங்கியது, வெளிநாட்டிலிருந்து வந்த பவுடர், கசாயம் உட்பட, மட்டையோடு கொண்டு போங்கள்.

என்ன சாப்பிடலாம்? பத்தியம் எவ்வளவு நாள்?

வெறும் கஞ்சியும் உப்பில்லாச் சோறுமாக ஆளை வாட்டாதீர்கள். தேக்கம் இருப்பவர் ஏற்கெனவே மெலிகிறார். சோறு, மீன், முட்டை, பருப்பு, இலைக்கறி எல்லாம் சாப்பிடலாம். மீனைப் பொரிக்காமல் ஆக்கிக் கொடுங்கள். கொழுப்புச் செரிக்காமல் மலம் எண்ணெயாகப் போகும் நாட்களில் பொரியல், கட்டித் தேங்காய்ப்பால், ஆடை திரண்ட எருமைத் தயிர் இவற்றைக் குறைத்தால் வயிற்றுக்குச் சுகம். அவ்வளவே.

தேங்காயெண்ணெய் பற்றி ஒரு சொல். நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு என்று ஒரு வகை, பித்தம் இல்லாமலே உடம்பில் ஏறும். தேக்கம் உள்ள பிள்ளைகளுக்கு அதைக் கொண்ட பால்மாவை வைத்தியர்கள் கொடுப்பார்கள். அது தேங்காயெண்ணெயிலிருந்தும் எடுக்கப்படுகிறது. அதைக் கேள்விப்பட்டுச் சிலர் பிள்ளைக்குத் தேங்காயெண்ணெயைக் கரண்டியால் பருக்குகிறார்கள். வேண்டாம், அதில் அந்த வகை சிறு பங்குதான்.

தேக்கம் மாதக்கணக்கில் நீண்டால் ஏ, டி, ஈ, கே விற்றமின்களை வைத்தியர் எழுதித் தருவார். மாலைக்கண், எலும்பு நோ, லேசாகத் தட்டினாலும் கண்டிப்போவது எல்லாம் இவை குறைந்ததற்கு அடையாளம். சாராயம், கசிப்பு, பியர் எதுவும் ஒரு சொட்டும் கூடாது.

கடி தாங்க முடியவில்லை. பிரிட்டோன் (Piriton) குளிசை குடித்தும் போகவில்லை.

போகாது. அது ஒவ்வாமைக் கடிக்கான மருந்து, தூக்கம் தருவதைத் தவிர இதில் பெரிதாக உதவாது. கொலஸ்டிரமின் என்ற தூள் பித்த உப்பைக் குடலில் பிடித்து வெளியே கொண்டு போகும். மற்ற மருந்துகளை இதற்கு ஒரு மணி நேரம் முன்போ நான்கு மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவற்றையும் பிடித்துக்கொள்ளும். அது போதாவிட்டால் ரிஃபம்பிசின் போன்ற வேறு மருந்துகள் உண்டு. நகத்தைக் குட்டையாக வெட்டுங்கள், சுடுதண்ணீரில் குளிக்காதீர்கள், இரவில் நனைத்த துணியை உள்ளங்காலில் சுற்றுங்கள்.

வீட்டாருக்கும் ஒன்று. இந்தக் கடி மனிதரை உடைத்துவிடும். தூங்காமல் எரிந்து விழுகிறவரைக் கோபிக்காதீர்கள்.

40 வயது தாண்டிய பெண். கல் இல்லை, வைரஸ் இல்லை, குடிப்பழக்கம் இல்லை. ஆனால் ஏ.எல்.பி மாதக்கணக்கில் கூட, களைப்பு, கடி.

உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறு பித்தநாளங்களை அழிக்கும் பிரைமரி பிலியரி கொலன்ஜைட்டிஸ் என்ற நோய் இருக்கிறது. ஏ.எம்.ஏ என்ற இரத்தப் பரிசோதனை அதைக் காட்டும். முன்பு இதன் பெயரில், குடியால் வருவது என்று பலர் நினைக்கும் சிரோசிஸ் (ஈரல் தழும்பேறி இறுகுவது) என்ற சொல் இருந்தது. குடிக்காத பெண்கள் அந்தப் பெயரால் பழி சுமந்தார்கள், 2015ல் மாற்றினார்கள். கிலோவுக்கு 13 முதல் 15 மில்லிகிராம் கணக்கில் உர்சோவை நாள்தோறும் எடுத்தால் பலருக்கு நோய் பல வருடம் அடங்கி இருக்கும். வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டும், "இப்ப சுகம்தானே" என்று நிறுத்தக் கூடாது.

கல்லை எடுத்து ஒரு கிழமை ஆகிறது. இன்னும் கண் மஞ்சள். திரும்ப அடைத்துவிட்டதா?

அநேகமாக இல்லை. நீண்ட நாள் தேங்கிய பிலிருபினில் ஒரு பங்கு, இரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதத்தோடு இறுக ஒட்டிக்கொள்கிறது. அந்தப் புரதம் பாதியாகக் குறைய ஏறத்தாழ மூன்று வாரம் எடுக்கும், மஞ்சளும் அதனோடுதான் மெல்லப் போகும். காய்ச்சல் வந்தால், நோ திரும்பினால், சலம் மறுபடி கறுத்தால் மட்டும் உடனே போங்கள்.

சுகம் வருவதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் மலம் நிறம் பிடிக்கும், பிறகு சலம் தெளியும், கடி அடங்கும், கண் கடைசியாகத்தான் வெளுக்கும். அக்கரைப்பற்றுப் பக்கத்து உம்மா ஒருவ, மகனுக்குக் கல் எடுத்த மூன்றாம் நாள் விடியற்காலை எனக்குத் தொலைபேசி எடுத்தா. குரல் நடுங்கியது, கெட்ட செய்தி என்று நினைத்துவிட்டேன். "மிஸ்ஸி, கண் இன்னம் மஞ்சள்தான். ஆனா நீங்க சொன்ன மாதிரிப் பாத்தன். மண்ணிறமாப் போயிரிக்கான்" என்றா.